திரைக்குப் பின்னால் ஒரு வயலின்: இசைக்குழுத் தெரிவு எப்படி நியாயமாகிறது?

இளைஞர் இசைக்குழுவுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். அன்று பின்னேரமே ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "எல்லாம் ஏற்கனவே முடிவு பண்ணியாச்சு, இது சும்மா கண்துடைப்பு" என்பார் ஒருவர். "அந்த சேர் தங்கமான மனுசன், அநியாயம் பண்ண மாட்டார்" என்பார் இன்னொருவர். ஒருவருக்குச் சந்தேகம், மற்றவருக்கு நம்பிக்கை. ஆனால் இருவருமே நியாயத்தை நடுவரின் மனசுக்குள் தேடுகிறார்கள்.

இருபது வருடமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளோடு மண்டபத்துக்கு வெளியே காத்திருந்திருக்கிறேன், உள்ளே நடுவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மனசுள்ள நடுவர்கள் பிழையான ஆளைத் தெரிவு செய்ததைக் கண்டிருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். நியாயம் என்பது பெரும்பாலும் ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை, சங்கீதம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

## முதலில், எந்த இசைக்குழு?

நம் பக்கத்தில் இசைக்குழு என்றால் திருவிழா இரவில் மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடும் குழுதான் ஞாபகத்துக்கு வரும். இங்கே நான் சொல்வது சிம்பொனி இசைக்குழு. கொழும்பில் 1958 இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழு அந்த வகை. வயலின், செலோ போன்ற தந்தி வாத்தியங்கள் முன்னால். புல்லாங்குழல், கிளாரினெட், ட்ரம்பெட் போன்ற ஊது வாத்தியங்கள் நடுவில். தாள வாத்தியங்கள் பின்னால். எல்லோரும் கதிரையில் உட்கார்ந்து, எழுதி வைத்த இசையைப் பார்த்து, ஒரு நடத்துனரின் கையசைவுக்கு வாசிப்பார்கள்.

பெரிய குழுவில் முதல் வயலின் வரிசையில் மட்டும் 16 பேர் வரை இருப்பார்கள். அந்தப் பதினாறு வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ட்ரம்பெட்டுக்கு இரண்டு மூன்று பேர்தான், அங்கே ஒருவர் சறுக்கினால் மண்டபம் முழுக்கக் கேட்கும். இப்படி ஒரு கதிரை காலியாகும்போது அதற்கு ஆள் எடுக்க வைக்கும் வாசிப்புச் சோதனையைத்தான் ஒடிஷன் என்கிறார்கள். நான் நம் வழக்கப்படி 'தெரிவு' என்றே எழுதுகிறேன்.

## கொழுந்து மடுவத்தில் நிற்கும் தராசு

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தகராறு எப்படி வருகிறது? சாக்குக்கு இவ்வளவு, இலையில் இருக்கும் தண்ணீருக்கு இவ்வளவு என்று கண்மட்டத்தில் கிலோ கழிக்கும்போது வருகிறது. நிறுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் ஒருத்திக்கு இரண்டு கிலோ, இன்னொருத்திக்கு மூன்று கிலோ என்று கழிந்தால் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் மனசு கசக்கும். வெறும் சாக்கை எல்லார் முன்னாலும் நிறுத்துக் காட்டி, அதே அளவை எல்லாருக்கும் கழித்தால் யாரும் வாய் திறப்பதில்லை. நிறுத்தவர் அதே ஆள்தான், முறை மட்டும்தான் மாறியது.

இதே தராசில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது எவ்வளவு நேர்மையாக நிறுத்தாலும், சாக்கில் இருப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, முற்றிய இலையா என்று சொல்லாது. எடை நேர்மையாக இருக்கும், தேத்தண்ணி மட்டும் நன்றாக இருக்காது.

இசைக்குழுத் தெரிவுக்கும் இந்த இரண்டு கேள்விகள்தான். ஒன்று, எல்லாரையும் ஒரே மாதிரி அளக்கிறோமா? அதுதான் நியாயம். மற்றது, அந்தக் கதிரைக்கு வேண்டியதை அளக்கிறோமா? அதுதான் பயன். ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. இரண்டையும் தனித்தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

## கண்ணும் சேர்ந்து கேட்கிறது

"எனக்குக் காதுதான் நீதிபதி" என்று எல்லா நடுவரும் சொல்வோம். 2013 இல் சியா ஜுங் சாய் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று பேரின் சிறு துண்டுகளைக் கொடுத்து, வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். சிலருக்குச் சத்தம் மட்டும் கிடைத்தது, சிலருக்குச் சத்தமில்லாத காட்சி மட்டும். சத்தத்தை மட்டும் கேட்டவர்கள், சும்மா ஊகித்திருந்தால் கிடைத்திருக்கும் அளவைவிட மேலாகச் செய்யவில்லை. ஊமைக் காட்சி பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களிடமும் இதே முடிவுதான் வந்தது. அதாவது, போட்டி நடுவர்களின் தீர்ப்பு காதுக்குக் கேட்டதைவிடக் கண்ணுக்குத் தெரிந்ததோடுதான் கூடப் பொருந்தியது.

இதைப் படித்தபோது என் பதினாறு வயதில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு தெரிவுக்குப் போயிருந்தேன். பெட்டியைத் திறக்கும் முன்பே "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதினார். அப்புறம் நான் வாசிக்கும்போது அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று இன்று நான் நினைக்கவில்லை. பதில் காதுக்குள் போனதும் அவருக்கு நான் எப்படி வாசிப்பேன் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பரீட்சைத் திணைக்களம் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. புலமைப்பரிசில் பரீட்சையானாலும் சாதாரண தரமானாலும் விடைத்தாளில் பெயர் எழுதுவதில்லை, சுட்டெண் மட்டும்தான். திருத்துபவருக்கு அது மஸ்கெலியாப் பிள்ளையா கொழும்புப் பிள்ளையா என்று தெரியாது. இசையில் அதே வேலையைச் செய்வது திரை. வாசிப்பவர் ஒரு பக்கம், நடுவர்கள் மறுபக்கம், நடுவில் ஒரு சீலை. இதைத் திரைத் தெரிவு என்போம்.

## திரை எங்கிருந்து வந்தது, என்ன செய்தது

அமெரிக்காவில் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952 இலேயே திரையைப் பயன்படுத்தத் தொடங்கியது. மற்றப் பெரிய குழுக்கள் பெரும்பாலும் 1970களிலும் 80களிலும்தான் அதைப் பின்பற்றின. 1970 வாக்கில் அங்கே முன்னணியில் இருந்த ஐந்து குழுக்களில் பெண்கள் 5 வீதம்கூட இல்லை. 1990களின் கடைசியில் நாலில் ஒரு பங்கு வரை வந்துவிட்டார்கள். இந்த மாற்றத்தில் திரைக்கு எவ்வளவு பங்கு என்று கிளோடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2000 இல் வெளியிட்டார்கள். திரை பெண்களுக்கு உதவியது என்பது அவர்கள் முடிவு. கோல்டினுக்குப் பின்னர் 2023 இல் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த தரவு குறைவு, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று புள்ளிவிபரவியலாளர்கள் சிலர் பின்னாளில் எழுதினார்கள். அதனால் "திரை போட்டால் பெண்கள் இத்தனை மடங்கு கூடுவார்கள்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

எனக்கு அந்த எண்களைவிட ஒரு சம்பவம் கூடச் சொல்லித் தருகிறது. 1980 இல் ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மோனிக் குழு ட்ரொம்போன் கதிரைக்கு ஆள் தேடியது. ட்ரொம்போன் என்பது குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கும் பெரிய ஊது வாத்தியம். வந்தவர்களில் ஒருவர் நடுவர்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்பதால் திரை போட்டார்கள். 33 பேர் வந்திருந்தார்கள். 16 ஆம் எண் வாசித்து முடித்ததும் நடுவர்களுக்குத் தங்கள் ஆள் கிடைத்துவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது அபி கோனன்ட் என்ற பெண். அவருக்குப் போன அழைப்புக் கடிதத்தில் 'திரு' என்றுதான் போட்டிருந்தார்கள்! வேலை கிடைத்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் அவரை முதல் கதிரையிலிருந்து இரண்டாம் கதிரைக்கு இறக்கினார்கள். நீதிமன்றத்தில் பத்து வருடத்துக்கு மேல் போராடித்தான் உரிமையை மீட்டார்.

திரை அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. வாசலுக்கு உள்ளே நடப்பதற்குத் திரை பொறுப்பில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் திரையைப் பற்றி வீணான புகழும் வருகிறது, வீணான வசையும் வருகிறது.

## வெறும் சீலை போதாது

நாங்கள் முதன்முதலில் ஒரு சிறுவர் குழுவுக்குத் திரைத் தெரிவு வைத்தபோது மண்டபத்தின் குறுக்கே கயிறு கட்டி இரண்டு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். பெரிய காரியம் செய்த திருப்தி எங்களுக்கு. நாலாவது பிள்ளை உள்ளே வந்தது. சிமெந்துத் தரையில் செருப்புச் சத்தம், 'சரக், சரக்' என்று ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமியது. பக்கத்தில் இருந்த நடுவர் புன்னகைத்தார். அவருடைய மாணவி. வாசிக்கத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது, அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்துவிட்டது.

பெரிய குழுக்கள் வாசலிலிருந்து கதிரை வரை கம்பளம் விரிப்பது இதற்காகத்தான். காலடிச் சத்தம் ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சொல்லிவிடும். கம்பளத்துக்கு நாங்கள் எங்கே போவது? அடுத்த முறை பழைய சாக்குகளைத் தைத்து விரித்தோம். நன்றாகவே வேலை செய்தது.

அப்புறம் பேச்சு. வாசிக்க வருபவர் வாயே திறக்கக் கூடாது. ஒரு "குட் மோர்னிங்" போதும், பிள்ளை என்ன மொழிக்காரர், எந்த மாதிரிப் பாடசாலை என்பதை எல்லாம் சொல்லிவிடும். நம் நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கூடவே நிற்கும் உதவியாளர் காதில் சொல்ல வேண்டும், அவர் "ஐந்தாம் எண் இன்னொரு முறை தொடங்கலாமா என்று கேட்கிறார்" என்று சொல்வார். எண்ணைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் நடுவர்கள் கைக்கு வரவே கூடாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரிவது காதைக் குழப்பும், அதனால் திரை. திரையைத் தாண்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் சத்தங்களையும் அடைக்க வேண்டும். நியாயத்தின் முதல் பாதி இது.

## எல்லாருக்கும் ஒரே கோப்பை

தேயிலை ருசி பார்க்கும் மேசையைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். சர்வதேசத் தர முறைப்படி 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். ஒரு கோப்பைக்கு நாலு நிமிடம், இன்னொன்றுக்கு எட்டு நிமிடம் விட்டால் ருசி பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

மலைநாட்டில் இந்தச் சமநிலையைக் கெடுப்பது குளிர். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அங்கே ஒரு மண்டபத்தில் புல்லாங்குழலை எடுத்தால் சுருதி இறங்கி நிற்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகிறது. வயலினின் உலோகத் தந்தியோ குளிரில் சுருங்கி இறுகி, சுருதி ஏறும். ஒரே குளிர், எதிரெதிர்த் திசை. மலையகத்துக் காமன் கூத்துக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஈரத்தில் தொய்ந்த தப்பு என்ற தோல் வாத்தியத்தை வைக்கோல் நெருப்புக்கு நேரே பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, 'டண்' என்று கணீரென வரும்வரை காய்ச்சாமல் யாரும் அடிக்கத் தொடங்குவதில்லை. வயலின் பிள்ளைக்கும் அந்தக் கால் மணி நேரம் வேண்டும். கதவு சாத்திய ஓர் அறை, விரலைச் சூடாக்கக் கொஞ்சம் சுடுதண்ணீர், எல்லாருக்கும் அதே அளவு நேரம். மத்தியானம் வெயில் வந்த பிறகு வாசிப்பவருக்கும் காலைப் பனியில் வாசிப்பவருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை வேறு எதுவும் சரிக்கட்டாது.

## என்ன வாசிக்கச் சொல்வது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கதிரைக்கு வேண்டியதை அளக்கிறோமா?

இங்கேதான் நம்மவர்கள் கூடப் பிழை விடுகிறோம். "உனக்குப் பிடித்த ஒன்றை வாசி" என்போம். பிள்ளை ஒரு வருடமாக உருப்போட்ட வேகமான பாடத்தை வெளுத்து வாங்கும். நாங்களும் சொக்கிப் போவோம். குழுவில் உட்கார வைத்தால் பக்கத்து ஆளின் சத்தத்தைக் கேட்கத் தெரியாது, நடத்துனர் மெதுவாக்கினால் மெதுவாகத் தெரியாது.

அதனால்தான் உலகம் முழுக்க இசைத்துண்டுகள் கேட்கிறார்கள். இசைத்துண்டு என்பது குழு உண்மையில் வாசிக்கும் படைப்பிலிருந்து அந்தக் கதிரைக்குரிய ஒரு சிறு பகுதி, ஒன்றிரண்டு நிமிடம். வயலினுக்கு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டொன் ஜுவான்' முதல் பக்கத்தைக் கேட்காத பெரிய குழு அரிது. விரல், வில், துணிச்சல், தாளக் கட்டுப்பாடு எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் வெளிப்பட்டுவிடும். சின்ன முரசுக்கு ராவெலின் 'பொலேரோ'. ஒரே தாளத்தை, காதுக்கு எட்டியும் எட்டாத மெல்லிய சத்தத்தில் தொடங்கி, கால் மணி நேரம் வேகம் மாறாமல் கொண்டுபோக வேண்டும். அதில் வித்தை காட்ட இடமே இல்லை. கூத்தில் ஆடுபவரின் காலைக் கெடுக்காமல் இரவு முழுக்க அடியைப் பிடித்து நிற்கும் தப்புக்காரரை ஊரில் ஏன் தேடி அழைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், இதுவும் அதுதான்.

இசைத்துண்டுகளோடு, முன்பின் பார்க்காத தாள் ஒன்றைக் கொடுத்து உடனே வாசிக்கச் சொல்வதும் உண்டு. சிறுவர் குழுவுக்கு அதைக் கொஞ்சமாக வைத்தால் போதும் என்பது என் கருத்து. வீட்டில் இசைத்தாள் குவிந்து கிடக்கும் பிள்ளைக்கும், ஆசிரியரின் ஒரே புத்தகத்தை ஆறு பேர் மாற்றி மாற்றிப் பார்க்கும் பிள்ளைக்கும் அதில் ஆரம்பத்திலேயே தூரம் கூட.

சுருக்கமாக: கதிரையில் செய்யப்போகும் வேலையையே தெரிவிலும் செய்யச் சொல்ல வேண்டும்.

## நடுவர் மேசை

ஒரு நடுவர் போதாது, மூவராவது வேண்டும். ஒருவர் வாசித்து முடித்ததும் அவரவர் தாளில் எழுதிவிட வேண்டும், பேச்சு அதற்குப் பிறகுதான். மேசையில் மூத்தவர் முதலில் "பரவாயில்லை" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டால் மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கமே சாயும். நான் இளையவனாக இருந்தபோது என் பேனா சாய்ந்திருக்கிறது.

புள்ளிக்குப் பதிலாகப் பெரிய குழுக்கள் பல 'அடுத்த சுற்றுக்கு விடலாமா, வேண்டாமா' என்று வாக்குத்தான் கேட்கின்றன. 71க்கும் 72க்கும் இடையில் உண்மையான வித்தியாசம் எதுவும் இல்லை. தன் மாணவர் என்று அடையாளம் தெரிந்துவிட்டால் அந்த நடுவர் அந்த எண்ணுக்கு வாக்களிக்கக் கூடாது. யாருமே போதாது என்றால் கதிரையைக் காலியாக விடும் உரிமையும் நடுவர்களுக்கு இருக்க வேண்டும்.

வரிசையும் பேசும். பெல்ஜியத்தில் நடக்கும் எலிசபெத் மகாராணி இசைப்போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வரும் 12 பேர் ஆறு இரவுகளில் வாசிப்பார்கள், யார் எப்போது என்பது குலுக்கலில்தான் முடிவாகும். 1996 இல் வந்த ஓர் ஆய்வு, முதல் நாளில் வாசித்தவர்கள் பின்தங்குவதையும் பிந்திய நாட்களில் வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைப்பதையும் காட்டியது. முதல் ஆள் வரும்போது நடுவர்கள் "இன்னும் நல்லவர் வருவார்" என்று கையை இறுக்கிக்கொள்வது மனித இயல்பு. இதை முழுக்கப் போக்க முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்கலாம், முதல் இரண்டு பேரைக் கடைசியில் இன்னொரு முறை கேட்கலாம்.

பல குழுக்கள் கடைசிச் சுற்றில் திரையை எடுத்துவிடுகின்றன, சில கடைசிவரை வைத்திருக்கின்றன. வென்றவருக்கும் கதிரை உடனே நிரந்தரமாகாது. தகுதிகாண் காலம் ஒன்று உண்டு. கொஞ்ச மாதங்கள் குழுவோடு உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப் போகிறாரா என்பதைப் பத்து நிமிடத் திரை வாசிப்பு சொல்லாது.

## திரைக்கு முன்னால் இருக்கும் பத்து வருடம்

2020 இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் இசை விமர்சகர் அந்தனி டொமசினி, திரையை எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். வாய்ப்பு மறுக்கப்பட்ட சமூகத்தவர்களைக் குழுவுக்குள் கொண்டுவரத் திரை தடையாகிவிட்டது என்பது அவர் வாதம். மலையகத்தில் இருந்துகொண்டு இதை அலட்சியமாகத் தள்ள என்னால் முடியாது. திரை சமமாக்குவது பத்து நிமிடத்தை. அதற்கு முந்திய பத்து வருடத்தில் ஒரு பிள்ளைக்கு வாரம் இரண்டு வகுப்பும் சொந்த வயலினும் இருந்தன. இன்னொரு பிள்ளை லயத்துக் காம்பராவில் இரவல் வயலினோடு, பக்கத்துக் காம்பராவில் தூங்கும் குழந்தை எழும்பிவிடும் என்று வில்லை அழுத்தாமல் பழகியது.

ஆனாலும் திரை வேண்டும் என்பதில் நான் பின்வாங்கவில்லை. "எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அனுதாபத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்டாலும் அதன் பிறகு யாரும் வாசிப்பைக் கேட்கப்போவதில்லை. உதவி செய்ய வேண்டிய இடம் திரைக்கு முன்னால். இசைத்துண்டுப் பட்டியலை ஆறு கிழமைக்கு முன்பே, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிட வேண்டும். தாள்களைப் போட்டோக் கொப்பி எடுத்துப் பாடசாலைகளுக்கு அனுப்ப வேண்டும். நல்ல வயலின் இரண்டை மண்டபத்திலேயே வைத்து, வேண்டியவர்களுக்கு ஒரு நாள் முந்தியே பழகக் கொடுக்க வேண்டும். தெரிவு செய்யப்படாத பிள்ளைக்கும் "சுருதி நன்று, தாளம் ஓடுகிறது, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்துப் பழகவும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுத் தாளைப் பல வருடம் வயலின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

குலுக்கும் சீட்டிலும் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். இப்போது எங்களிடம் இரண்டு டின் இருக்கிறது. ஹட்டன், கொட்டகலைப் பிள்ளைகளின் எண்கள் காலை டின்னில். மஸ்கெலியா, பொகவந்தலாவை, அதற்கும் மேலே உள்ள தோட்டங்களின் எண்கள் பகல் டின்னில், முதல் பஸ் வந்து சேர்ந்து, பிள்ளைகள் சாப்பிட்டு, விரல் சூடான பிறகு குலுக்குவதற்கு. எந்த டின் எந்த ஊர் என்பது வாசலில் நிற்கும் உதவியாளருக்கு மட்டும்தான் தெரியும். நடுவர்கள் எட்டரைக்கே வந்து உட்கார்ந்தாலும், அவர்கள் கைக்கு வருவது வெறும் எண் எழுதிய தாள்தான்.